இல்லை என்று எழுதினால் வேலை முடிந்தது

2022 மே மாதம் பிறந்தபோது சுமார் 58 ஆயிரம் ராணுவ ஓய்வூதியர்களின் வங்கிக் கணக்கில் ஏப்ரல் மாதப் பென்ஷன் ஏறியிருக்கவில்லை. அவர்கள் எந்த மனுவும் போட்டவர்கள் இல்லை, எதற்கும் வரிசையில் நின்றவர்கள் இல்லை. அதுவரை வங்கிகள் வழியாகப் பென்ஷன் வாங்கிவந்த 4.47 லட்சம் பேரை ‘ஸ்பர்ஷ்’ என்ற புதிய இணைய அமைப்புக்கு மாற்றியிருந்தார்கள். அவர்களில் இந்த 58 ஆயிரம் பேர் உயிரோடிருக்கிறார்கள் என்ற தகவல் வங்கிகளிடமிருந்து குறித்த நாளில் வந்துசேரவில்லை. தகவல் இல்லை, ஆகவே பணமும் இல்லை. கூச்சல் கிளம்பியதும் பாதுகாப்பு அமைச்சகம் ‘ஒருமுறை மட்டும் விலக்கு’ என்று சொல்லி மே 4ஆம் தேதி பணத்தைப் போட்டது. என் கவனம் போவது பணம் தாமதமானதன் மேல் அல்ல, நான்கே நாளில் அது வந்துசேர்ந்ததன் மேல். யாரோ ஒருவர் ஒரு கையெழுத்துப் போட்டார், 58 ஆயிரம் கோப்புகளின் தேக்கம் தீர்ந்தது. ஆள் கூடவில்லை, கம்ப்யூட்டர் மாறவில்லை, ஒரு புதிய ஆவணம்கூட வந்துசேரவில்லை. அப்படியானால் அந்தத் தேக்கம் எதனால் உண்டானது?

முன்னாள் படைவீரர்களின் பென்ஷனும் மருத்துவமும் ஏன் இழுக்கிறது என்று கேட்டால் வழக்கமாக மூன்று பதில்கள் வரும். ஆள் பற்றாக்குறை, பழைய காகித முறை, ‘கவர்மென்ட் ஆபீஸ்னா அப்படித்தான்’. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்கள், 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புப் பென்ஷனுக்கு மட்டும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் கோடி ரூபாய் என்று கணக்கு போகும்போது, எந்த அலுவலகமும் திணறத்தான் செய்யும். ஆனால் இந்த மூன்று பதில்களுமே தேக்கத்தை ஒரு வேகப் பிரச்சினையாகப் பார்க்கின்றன: உள்ளே வரும் கோப்பு அதிகம், வெளியே போவது குறைவு. உள்ளே வரும் கோப்பு யாருடையது, எத்தனையாவது முறை வருகிறது என்று பார்த்தால் படம் மாறிவிடும். தேங்கிக் கிடப்பதில் பெரும்பங்கு புதிய வேலை இல்லை என்பது என் வாதம். ஒருமுறை தப்பாக முடிக்கப்பட்டு, மேல்முறையீடாகவும் வழக்காகவும் திருத்த மனுவாகவும் திரும்பி வந்த பழைய வேலைதான் அது. திரும்பி வருவதற்குக் காரணமும் எளியது. ‘இல்லை’ என்று எழுதிய அதிகாரிக்கு அதனால் ஒரு பைசா நட்டமில்லை. ‘ஆம்’ என்று எழுதியவருக்குத்தான் ஆடிட் வரும்.

இதற்கு நல்ல சாட்சி ஊனமுற்றோர் பென்ஷன், அதாவது டிஸபிலிட்டி பென்ஷன். நோயோடோ காயத்தோடோ ராணுவத்தை விட்டு வெளியே வருபவரை மெடிக்கல் போர்டு ஒன்று பரிசோதிக்கிறது. என்ன நோய் அல்லது காயம், எத்தனை சதவீதம், அது பணியால் வந்ததா அல்லது பணியால் மோசமானதா என்ற மூன்று கேள்விக்கு அது பதில் எழுத வேண்டும். முதல் இரண்டும் மருத்துவம். மூன்றாவதில்தான் பணம் இருக்கிறது. ‘பணியால் வந்ததும் அல்ல, மோசமானதும் அல்ல’ என்று ஒரு வரி விழுந்துவிட்டால் கதை முடிந்தது. அந்த வரிக்குக் காரணமாகப் பல கோப்புகளில் காணப்படுவது, நோய் தொடங்கியபோது அவர் எல்லையில் இல்லை, அமைதிப் பகுதியில் இருந்தார் என்பது. இருபது வயதில் நல்ல உடம்போடு சேர்ந்த ஒருவருக்கு முப்பதில் ரத்த அழுத்தமோ வலிப்போ மனநோயோ வந்தால், அது ‘கான்ஸ்டிட்யூஷனல்’ கோளாறு என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லையும் எழுதிவிடுவார்கள். நம் நாட்டு அரசியலமைப்போடு அதற்குச் சம்பந்தமில்லை. அவர் உடம்பின் அமைப்பே அப்படி என்று அர்த்தம்.

வேடிக்கை என்னவென்றால், விதி இதற்கு நேர் எதிராக இருந்தது. 1982ஆம் ஆண்டின் தகுதி விதிகள், சேரும்போது எந்த நோயும் பதிவாகவில்லை என்றால் அவர் நல்ல நிலையில்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும் என்றன. நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரர் மேல் கிடையாது, சந்தேகத்தின் பலன் அவருக்கே என்றும் அவை கூறின. சிக்னல்ஸ் பிரிவில் 1985இல் சேர்ந்து, வலிப்பு நோய் காரணமாக 20 சதவீத ஊனத்தோடு 1994இல் வெளியே அனுப்பப்பட்ட தரம்வீர் சிங்கின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் இதைத்தான் சொன்னது. நீதிமன்றம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே அச்சிலிருந்த விதியை உரக்க வாசித்துக் காட்டியது. அந்த வாசிப்புக்காக ஒரு சிப்பாய் பத்தொன்பது ஆண்டு காத்திருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்ற பழமொழியை நாம் சலிப்போடு சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். பூசாரி ஏன் கொடுப்பதில்லை, கொடுத்தால் அவருக்கு என்ன ஆகும் என்று கேட்பதில்லை.

அடுத்தது சதவீதக் கணக்கு. மெடிக்கல் போர்டு 20 என்று போட்டால், இன்னொரு போர்டு 30 என்று போடலாம். மருத்துவர்களுக்குள்ளேயே இப்படி வேறுபாடு வருமென்று உணர்ந்து, ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு அரசு ஒரு ஏற்பாடு செய்தது: 50க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்ற கணக்கில், 20 சதவீத ஊனத்துக்கு 6 சதவீதம் வரும். 50ஆக உயர்த்தினால் 15 சதவீதம். ஒரு ஹவில்தார் குடும்பத்துக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனால் இந்தச் சலுகை நோயால் பாதியில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும்தான், முழுக்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களுக்கு இல்லை என்று அமைச்சகம் பிடிவாதம் பிடித்தது. 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில், இதே கேள்வியை எழுப்பிய அரசின் மேல்முறையீடுகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. இங்கேதான் தேக்கத்தின் தொழிற்சாலை இருக்கிறது. தீர்ப்பு வந்தால் அது வழக்குப் போட்டவருக்கு மட்டும் என்பது நம் அமைச்சகங்களின் பழக்கம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே நோய், அதே சதவீதம், அதே விதி என்றாலும் அவர் தனியாக மனுப் போட வேண்டும். முதல் மேல்முறையீட்டுக் குழு, இரண்டாவது மேல்முறையீட்டுக் குழு, பிறகு ராணுவத் தீர்ப்பாயம். தீர்ப்பாயம் ராம் அவதார் தீர்ப்பைக் காட்டி ‘கொடு’ என்று சொல்லும். ஒரே பெருக்கல் கணக்கை ஆயிரக்கணக்கான முறை வழக்காக நடத்துவது என்றால் இதுதான். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2009 ஆகஸ்டில் ராணுவத் தீர்ப்பாயத்தைத் திறந்ததே உயர் நீதிமன்றங்களில் குவிந்த வழக்குகளை வேகமாக முடிக்கத்தான். சென்னையிலும் ஒரு கிளை இருக்கிறது. ஆனால் வேகமாக முடிக்கும் இடத்துக்கு, முடிந்த கேள்விகளையே மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தால் அந்த இடமும் நிரம்பும். உறுப்பினர் பதவிகள் மாதக்கணக்கில் காலியாகக் கிடப்பதும் சேர்ந்துகொண்டது. அந்தச் சட்டம் தீர்ப்பாயத்துக்குச் சிவில் அவமதிப்பு அதிகாரத்தையும் தரவில்லை. ஆகையால் ஜெயித்தவர்கூட, உத்தரவை நிறைவேற்றச் சொல்லி இன்னொரு மனுப் போட வேண்டியிருக்கிறது. தேக்கக் கணக்கில் அதுவும் ஒரு புதிய எண்.

இது ஏதோ என் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது 2015இல் ஒரு நிபுணர் குழுவை அமைத்தார். அமைச்சகத்தின் வழக்குகளையும் குறைகளையும் குறைப்பது எப்படி என்று பார்ப்பதுதான் அதன் வேலை. அந்த ஆண்டு நவம்பரில் 75 பரிந்துரைகளோடு தடிமனான ஓர் அறிக்கை வந்தது. தனக்கு எதிராகத் தன் வீரர்களே இத்தனை வழக்குப் போடுவதற்குக் காரணம் தானேதான் என்று ஓர் அமைச்சகம் அமைத்த குழுவே எழுதிக் கொடுத்தது அபூர்வம். அதன் பிறகும் நிலைமை திருந்திவிடவில்லை. தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மீண்டும் வழி திறந்தது. தோற்ற வீரருக்கு அது ஒரு கதவு, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அதே கதவு வழியாக, ஊனப் பென்ஷன் உத்தரவுகளை எதிர்த்து அரசின் மனுக்களும் வரிசையாக உள்ளே வரத் தொடங்கின.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ‘கேட்டவர்க்கெல்லாம் கொடுக்க முடியுமா? மோசடி இல்லையா?’ சும்மா கேட்கப்படும் கேள்வி இல்லை இது. 2015-16 முதல் 2019-20 வரையான ஆண்டுகளில் ஓய்வு பெற்ற அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேர் ஊனப் பென்ஷனோடு போனார்கள், சிப்பாய்கள் நிலையில் அது 15 முதல் 18 சதவீதம் என்று தணிக்கைத் துறையான சிஏஜி எழுதியது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வாழ்க்கைமுறை நோய்களுக்கு அதில் கணிசமான பங்கு உண்டு என்றும் சுட்டிக்காட்டியது. பனிமலையில் காவல் நிற்பவரைவிட மேசையில் உட்கார்ந்தவருக்கு அதிக ஊனம் எப்படி வந்தது என்று படித்தவர்கள் கேட்டார்கள். 2023 செப்டம்பரில் அரசு விதிகளை இறுக்கிப் புதிதாக வெளியிட்டதற்கும் இந்தக் கோபம் ஒரு பின்னணி. அதிகாரிகள் மூத்த வயதில் ஓய்வு பெறுகிறார்கள், சிப்பாய்கள் முப்பதுகளின் இறுதியிலேயே வெளியே வந்துவிடுகிறார்கள் என்பதை வைத்து இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியை விளக்கலாம். முழுதும் விளக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே. எழுத்தறிவும் அமைப்புக்குள்ளே ஆளும் உள்ளவருக்கு ‘ஆம்’ எளிதாகக் கிடைக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் அது என் வாதத்துக்கு எதிரான சான்று இல்லை, ஆதரவான சான்று. எல்லோருக்கும் முதலில் ‘இல்லை’ சொல்லும் அமைப்பு மோசடிக்காரரை வடிகட்டுவதில்லை. சளைக்காமல் மனுப் போடத் தெரிந்தவரையும், வக்கீல் வைக்க வசதி உள்ளவரையும்தான் அது தேர்ந்தெடுக்கிறது. வலிப்பு நோயோடு ஊருக்குத் திரும்பிய சிப்பாய் ஒரே மறுப்புக் கடிதத்தோடு அடங்கிவிடுவார். அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும், மேல்முறையீடு செய்ய இத்தனை மாதம் என்ற கெடு அதன் கடைசிப் பத்தியில் இருக்கும். மோசடியைத் தடுக்க வேண்டுமென்றால் மருத்துவர் எதை வைத்து முடிவு செய்தார் என்று நான்கு வரி காரணம் எழுதச் சொல்ல வேண்டும். காரணம் எழுதப்பட்ட மறுப்பு மேல்முறையீட்டில் நிற்கும், காரணம் எழுதப்பட்ட ஒப்புதல் ஆடிட்டில் நிற்கும். இரண்டும் திரும்பி வராது.

ஆடிட் என்றதும் ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது. 1993இல் மொஹிந்தர் சிங் என்ற முன்னாள் சேப்பரின் வழக்கில், மெடிக்கல் போர்டு நேரில் பார்த்துச் சொன்ன ஊனச் சதவீதத்தை, அவரைப் பார்க்காமலேயே அலகாபாத் கணக்கு அலுவலகம் மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கணக்குப் பார்ப்பவர் மருத்துவர் கையெழுத்துக்கு மேல் கையெழுத்துப் போடும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் இருக்கையில் நானோ நீங்களோ உட்கார்ந்தாலும் அதைத்தான் செய்வோம். தகுதியில்லாத ஒருவருக்குப் பென்ஷன் போட்டால் பத்து ஆண்டு கழித்துக்கூட விளக்கம் கேட்டு மெமோ வரும், ரெக்கவரி வரும், தன் ஓய்வூதியமே சிக்கலாகும். தகுதியுள்ள நூறு பேருக்கு மறுத்தால்? எந்தத் தணிக்கை அறிக்கையிலும் அந்த நூறு பேர் இடம்பெற மாட்டார்கள். அந்த வழக்குகளுக்கு அரசு வக்கீலுக்குக் கொடுக்கும் ஃபீஸ் வேறு தலைப்பில் போகும். தோற்றால் கொடுக்க வேண்டிய நிலுவைத் தொகையும் வட்டியும் இன்னொரு தலைப்பில் போகும். ஒரு மறுப்பின் முழுச் செலவு ஒரே இடத்தில் கூட்டிக் காட்டப்படுவதே இல்லை.

சரி, கம்ப்யூட்டர் வந்தால் இதெல்லாம் தீராதா? ஸ்பர்ஷ் அந்த நம்பிக்கையில்தான் வந்தது. பிரயாக்ராஜ் (பழைய அலகாபாத்) கணக்கு அலுவலகத்திலிருந்து நேரே வங்கிக் கணக்கில் பணம், இடையில் வங்கி இல்லை, யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரே திரையில். நோக்கம் நல்லதுதான், வங்கிகள் செய்த கணக்குக் குளறுபடிகள் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் கணினிக்குள் போவது பழைய காகிதம்தான். அந்தக் காகிதத்தில் தமிழ்ப் பெயர்கள் படும்பாட்டைப் பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் ஓர் இனிஷியல், பின்னால் பெயர். ஆளெடுப்பு முகாமில் வட இந்திய கிளார்க் கேட்டு எழுதியபோது அது ஒரு விதமாக விரிந்திருக்கும். டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் ‘லட்சுமி’, ரேஷன் கார்டில் ‘லட்சுமியம்மாள்’, ஆதாரில் கணவர் பெயர் ஒட்டி ‘லட்சுமி முருகேசன்’, வங்கிப் பாஸ்புக்கில் ‘எம். லட்சுமி’. ஊரில் யாருக்கும் இவர் ஒரே ஆள் என்பதில் சந்தேகம் இல்லை. கணினிக்கு இவர்கள் நான்கு பேர். முருகேசன் இறந்த பிறகு குடும்பப் பென்ஷன் கேட்கும் அந்த அம்மாள், தான் தான்தான் என்று நிரூபிக்க அஃபிடவிட், கெஜட் விளம்பரம், ரெக்கார்ட் ஆபீஸ் கடிதம் என்று அலைய வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆள் என்றால் ரெக்கார்ட் ஆபீஸ் குன்னூர் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கிறது, தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். மற்ற பிரிவுகளில் சேர்ந்தவர் குடும்பத்துக்கு அந்த ஆறுதலும் இல்லை. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்களில், இந்த எழுத்துப்பிழைகளைச் சரி செய்வது ஒரு தனி உள்ளூர் அறிவு.

இங்கேயும் அதே அச்சு. இரண்டு ஆவணத்தில் பெயர் ஒட்டவில்லை என்றால் கணினி என்ன செய்ய வேண்டும் என்பது கணினியின் முடிவு இல்லை, அதை எழுதச் சொன்னவர்களின் முடிவு. பணத்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே சரிபார்க்கலாம், அல்லது சரிபார்க்கும் வரை நிறுத்தலாம். நிறுத்துவதையே இயல்பாக வைத்தார்கள். 2022 மே மாதம் காட்டியது அதைத்தான். காகித முறையில் இந்த மறுப்பை ஒரு மனிதர் கையால் எழுதினார். யோசிக்க அவருக்கு ஒரு நொடியாவது இருந்தது. இணைய முறையில் ஒரே இரவில் 58 ஆயிரம் மறுப்புகள்.

மருத்துவப் பக்கம் வேறு மாதிரி. அங்கே தேங்குவது பணம். 2003 ஏப்ரலில் தொடங்கிய இசிஎச்எஸ் திட்டத்தில் ஓய்வு பெற்றவர் ஒரு சந்தாவைக் கட்டிவிட்டால் அவருக்கும் மனைவிக்கும் சார்ந்தோருக்கும் சிகிச்சை. நாடு முழுக்க நானூற்றுக்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள். அங்கே டாக்டர் பார்த்து ரெஃபரல் கொடுத்தால், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையில் கேஷ்லெஸ். மருத்துவமனை பில்லை இணையத்தில் ஏற்றும், ஓர் ஏஜென்சி அதைச் சரிபார்க்கும், பிறகு பிராந்திய அலுவலகம் பணம் கொடுக்கும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. நடைமுறையில் பட்ஜெட் ஒதுக்கீடு ஆண்டு முடியும் முன்பே தீர்ந்துவிடும், மீதிப் பில்கள் அடுத்த ஆண்டின் தலையில். அடுத்த ஆண்டின் பணத்தில் போன ஆண்டின் கடனை அடைத்தால் அது இன்னும் சீக்கிரம் தீரும். 2015இல் சிஏஜி இந்தத் திட்டத்தையே தனியாக எடுத்து அறிக்கை எழுதியபோது, பணம் கொடுப்பதில் தாமதமும் மருந்துத் தட்டுப்பாடும் அதில் வந்தன. பாலிகிளினிக் மருந்துச் சீட்டில் ‘என்.ஏ.’ என்று ஒரு குறிப்பு போடுவார்கள், கையிருப்பில் இல்லை என்று அர்த்தம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்குபவருக்கு இந்த இரண்டு எழுத்துகளை விளக்கவே வேண்டாம்.

பில்லுக்குப் பணம் வராத மருத்துவமனை என்ன செய்யும்? கேஷ்லெஸ் இல்லை என்று சொல்லும், ‘பெட் இல்லை’ என்று சொல்லும், அல்லது பட்டியலிலிருந்தே விலகும். கட்டணப் பட்டியலும் பெரும்பாலும் 2014இல் நின்றுவிட்ட, மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸின் விலைகளாகவே பல ஆண்டு இருந்தது; பெரிய அளவில் அதைத் திருத்தியது 2025 அக்டோபரில்தான். பதினோரு ஆண்டுக்கு முந்தைய விலையை, பல மாதம் கழித்துத் தருகிறேன் என்று சொன்ன வாடிக்கையாளரை எந்த வியாபாரி வரவேற்றிருப்பார்? தனியார் மருத்துவமனைகள் தேவையில்லாத சோதனை எழுதிப் பில்லைப் பெருக்குகிறார்கள் என்று அரசுத் தரப்பில் சொல்வார்கள். அதுவும் நடக்கிறது. ஆனால் பெருக்கிய பில்லையும் நேர்மையான பில்லையும் ஒரே மாதிரி நிறுத்திவைத்தால், நேர்மையான மருத்துவமனைதான் முதலில் ஓடும். மிஞ்சுவது தாமதத்தையும் பிடித்தத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முன்கூட்டியே பில்லை ஏற்றிவைக்கத் தெரிந்த மருத்துவமனை. ஊனப் பென்ஷனில் பார்த்த அதே தேர்வு இங்கேயும் நடக்கிறது.

ஆள் பற்றாக்குறை வாதத்துக்கு வருகிறேன். பாலிகிளினிக் ஊழியர்கள் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரர்கள், அங்கே ஆள் நிற்பதில்லை என்பது உண்மை. ஆனால் ஆளே தேவைப்படாத ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ‘ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்’ 2015 நவம்பர் 7ஆம் தேதி உத்தரவானது, 2014 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திருத்த வேண்டும் என்று அந்த உத்தரவிலேயே இருந்தது. அப்படியானால் அடுத்த திருத்தம் 2019 ஜூலை 1. காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கலாம். யாரும் மனுப் போட வேண்டாம், மெடிக்கல் போர்டு கூட வேண்டாம். பதவி வாரியாக, பணிக்கால வாரியாக ஓர் அட்டவணை. அமைச்சரவை ஒப்புதல் எப்போது வந்தது தெரியுமா? 2022 டிசம்பர் 23. அதுவும் மூன்று மாதத்தில் திருத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2022 மார்ச் 16இல் சொன்ன பிறகு, கெடு நீட்டிப்புகள் கேட்டு வாங்கிய பிறகு. 25 லட்சம் பேரின் நிலுவையை 2023 மார்ச் 15க்குள் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் நாள் குறித்திருக்க, அமைச்சகம் ஜனவரி 20 அன்று தானாகவே ஒரு சுற்றறிக்கை விட்டது: நான்கு அரையாண்டுத் தவணை. நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்த பிறகு மார்ச் 20இல் ஓர் அட்டவணை முடிவானது. விதவைகளுக்கும் வீர விருது பெற்றவர்களுக்கும் ஏப்ரல் இறுதி, எழுபது வயது தாண்டியவர்களுக்கு ஜூன் இறுதி, மற்றவர்களுக்கு 2024 பிப்ரவரி வரை மூன்று தவணை.

இந்த முறை அமைச்சகம் சொன்ன காரணம் மறைமுகமானதாகக்கூட இல்லை: ஒரேயடியாகக் கொடுக்கப் பணம் இல்லை. அதை நான் ஏளனம் செய்யவில்லை. பல ஆயிரம் கோடியை ஒரு காலாண்டில் இறக்குவது எந்த நிதித் துறைக்கும் கஷ்டம்தான். ஆனால் மூன்றரை ஆண்டு தள்ளிப்போட்டதனால்தான் அது பல ஆயிரம் கோடி ஆனது. 2024 ஜூலைக்கு வர வேண்டிய அடுத்த திருத்தத்துக்கு அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே உத்தரவு வந்துவிட்டது. அதே அலுவலகம், ஏறக்குறைய அதே ஆட்கள். நாள் தவறினால் என்ன ஆகும் என்பது இந்தத் தடவை தெரிந்திருந்தது என்பதுதான் வித்தியாசம்.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பவர்களுக்காக அமெரிக்காவை ஒரு கணம் பார்க்கலாம். 2012இல் அந்நாட்டு முன்னாள் படைவீரர் நலத் துறையின் அலுவலகம் ஒன்றை, வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில், பார்வையிட்ட ஆய்வாளர்கள், அலமாரிகளின் தலைமேல் சுமார் 37 ஆயிரம் கோப்புகள் குவிந்து கிடப்பதையும், அந்தப் பாரத்தைக் கட்டடத்தின் தளம் தாங்குமா என்ற கவலையையும் அறிக்கையில் எழுதினார்கள். 2013 மார்ச்சில் நாடு முழுக்க 125 நாளைத் தாண்டிய மனுக்கள் 6 லட்சத்து 11 ஆயிரம். கணினி வந்தது, கட்டாய ஓவர்டைம் வந்தது, 2015 ஆகஸ்டில் அந்த எண் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியது. கொண்டாடினார்கள். ஆனால் அடுத்த ஆண்டு மேல்முறையீடுகளின் குவியல் நாலரை லட்சத்தைத் தாண்டி நின்றது. புதிய மனுவை முடிக்கும் நாள்களை மட்டும் அளந்தார்கள், ஆட்களையும் அங்கேயே திருப்பினார்கள், மேல்முறையீடு ஒரு மூலையில் ஊறிக்கொண்டிருந்தது. பிறகு 2017இல் மேல்முறையீட்டுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. எண்ணைக் காட்டி ‘தேக்கம் தீர்ந்தது’ என்று யாராவது சொன்னால், அவர் எந்த அலமாரியை எண்ணினார் என்று கேட்க வேண்டும். நம் ஊரிலும் பென்ஷன் அதாலத் நடத்தி ‘இத்தனை மனுக்களுக்குத் தீர்வு’ என்று செய்தி வருகிறது. அதில் எத்தனை பேருக்குப் பணம் கிடைத்தது, எத்தனை பேருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்ற பதில் கிடைத்தது என்று அந்தச் செய்தி சொல்லாது.

ஆகவே கூடுதல் கிளார்க்குகளைப் போடுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். இரண்டு காரியம் நடந்தால் போதும் என்று நினைக்கிறேன். ஒரு கேள்வியை உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டால், அதே நிலையில் உள்ள எல்லோருக்கும் அமைச்சகம் ஒரு பொது உத்தரவு போட வேண்டும். வழக்குப் போடாதவர் அடுத்த வழக்குக்காரர் ஆகும் வரை காத்திருக்கக் கூடாது. இன்னொன்று, எத்தனை கோப்பு முடிந்தது என்பதற்குப் பக்கத்தில், முடிந்ததில் எத்தனை ஓராண்டுக்குள் திரும்பி வந்தது, திரும்பி வந்ததில் எத்தனை மாற்றப்பட்டது என்று ஒவ்வொரு அலுவலகமும் எழுத வேண்டும். இது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை, பதிவேட்டில் இரண்டு கட்டம். ‘அப்படி எழுதினால் பயத்தில் எல்லாவற்றுக்கும் ஆம் போட்டுவிடுவார்கள்’ என்று மறுப்பு வரலாம். போடமாட்டார்கள், ஏனென்றால் ஆடிட் எங்கும் போகவில்லை. இப்போது ஒரு பக்கம் மட்டும் இருக்கும் பயம் இரண்டு பக்கமும் இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்குக் கடைசியாக ஒரு கணக்கு. 1983இல் மருத்துவக் காரணத்துக்காக வெளியேற்றப்பட்ட தர்சேம் சிங் என்பவர் பதினாறு ஆண்டு கழித்து, 1999இல் ஊனப் பென்ஷன் கேட்டு வழக்குப் போட்டார். அவருக்குப் பென்ஷன் உண்டு என்பதில் தகராறு இல்லை. ஆனால் தாமதமாக வந்ததால், வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவை மட்டும் போதும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் முடித்தது. அதன் பிறகு எத்தனையோ வழக்குகளில் தீர்ப்பாயங்கள் அதையே அளவுகோலாக வைத்தன. பதினாறில் மூன்று போக மீதம் பதின்மூன்று ஆண்டு. வீரர் தாமதித்தால் அந்தப் பணம் அரசிடமே தங்கிவிடுகிறது. அரசு தாமதித்தாலும் அது அரசிடம்தான் இருக்கிறது.